வெளிப்புற உலோகக் கருவிப் பெட்டியின் வெப்ப, காற்றோட்ட உருவகப்படுத்தல்

வெளிப்புற உலோகக் கருவிப் பெட்டியின் வெப்ப, காற்றோட்ட உருவகப்படுத்தல் என்பது, திறந்தவெளியில் நிறுவப்படும் உலோகப் பெட்டிக்குள் வெப்பம் எங்கே தேங்குகிறது, காற்று எவ்வழியே நகர்கிறது என்பவற்றைப் பெட்டியைச் செய்வதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டு அறியும் முறையாகும். சாலையோரத் தொலைத்தொடர்புப் பெட்டிகள், போக்குவரத்து சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் போன்றவற்றின் வடிவமைப்பில் இது பயன்படுகிறது.

தேவை

மழையும் தூசியும் புகாதபடி பெட்டியை மூடினால், உள்ளிருக்கும் வெப்பமும் எளிதில் வெளியேறாது. இதனால் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் மின்கலமே. மூடிய வகை ஈய-அமில மின்கலத்தின் வெப்பநிலை 10° செ. உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுவிதி.

வெப்பத்தின் இரு மூலங்கள்

முதலாவது, உள்ளிருக்கும் கருவிகள். அவை பயன்படுத்தும் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. இரண்டாவது, வெயில். தெளிந்த வானில், நண்பகலில், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 0.6 சதுர மீட்டர் மேற்கூரையில் விழுவது 600 வாட். அடர்நிறப் பூச்சு இதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை, அதாவது 540 வாட்டை, உட்கவரும். வெண்பூச்சு 25 விழுக்காட்டை உட்கவர்ந்தால் அது 150 வாட் மட்டுமே. இந்த வெப்பத்தில் கணிசமான பகுதி வெளிக்காற்றுக்கே திரும்பிவிடும். எஞ்சியது உள்ளே இறங்கும்.

பளபளப்பான உலோகம் வெயிலைப் பிரதிபலிப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று கருதுவது தவறு. அது தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக உமிழ்வதும் மிகக் குறைவு. ஆகவே வெயிலில் அது வெண்பூச்சு இட்ட தகட்டைவிட அதிகமாகச் சூடேறும்.

கைக்கணக்கு

1 கிலோகிராம் காற்றை 1° செ. சூடாக்க ஏறத்தாழ 1005 ஜூல் தேவை. வெளிக்காற்று 40° செ., உள்ளே அனுமதிக்கத்தக்க உயர்வு 10° செ., கருவிகளின் வெப்பம் 300 வாட் எனக் கொள்வோம். தேவையான காற்று நொடிக்கு 300 ÷ (1005 × 10) = 0.03 கிலோகிராம், அதாவது சுமார் 26 லிட்டர். வெயிலால் மேலும் 100 வாட் உள்ளே வந்தால் இது 35 லிட்டராக உயரும். வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் தேர்ந்தெடுத்த மின்விசிறி, கோடையில் போதாமல் போவது இதனால்தான்.

கணினி முறை

கைக்கணக்கு சராசரியை மட்டுமே தரும். மின்கலத்துக்கு மேலே தேங்கும் சூடான காற்றையோ, வெளியேறிய காற்று மீண்டும் நுழைவாய்க்கே திரும்புவதையோ அது காட்டாது. கணினி முறையில், பெட்டிக்குள் உள்ள வெளி பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழிவின்மைச் சமன்பாடுகள் தீர்க்கப்படுகின்றன. உந்தத்துக்கானவை 19ஆம் நூற்றாண்டில் உருவான நேவியர்-இசுடோக்சு சமன்பாடுகள். இவற்றில் அழுத்தத்தையும் திசைவேகத்தையும் இணைத்துத் தீர்க்கும் புகழ்பெற்ற வழிமுறையொன்றைச் சுகாஸ் பதங்கரும் பிரையன் ஸ்பால்டிங்கும் 1972இல் வெளியிட்டனர். மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று தானே மேலெழுவதால், புவியீர்ப்பையும் காற்றின் அடர்த்தி மாற்றத்தையும் சேர்ப்பது கட்டாயம்.

சரிபார்த்தல்

விடையின் தரம் உள்ளிடும் எல்லை நிபந்தனைகளைப் பொறுத்தது. தூசி வடிகட்டியின் தடையை விட்டுவிட்டால், கணினி உண்மையைவிட அதிகக் காற்றோட்டத்தைக் காட்டும். கட்டங்களை மேலும் நுண்ணியதாக்கியபோது விடை குறிப்பிடத்தக்க அளவு மாறினால், முந்தைய விடையை நம்பக்கூடாது. இறுதியாக, மாதிரிப் பெட்டியில் வெப்பமின் இரட்டைகளைப் பொருத்தி, அளந்த மதிப்புகளுடன் ஒப்பிட வேண்டும்.

வரம்பு

வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் மின்விசிறி, பெட்டியை வெளிக்காற்றைவிடக் குளிர்விக்க இயலாது. வெளியே 45° செ. இருந்தால் உள்ளே அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். கருவிகள் அதைத் தாங்காவிடில் குளிர்சாதனம் தேவைப்படும். அதற்கு முன், வெண்பூச்சு, இடைவெளி விட்ட இரட்டைக் கூரை, நிழலான இடம் ஆகிய எளிய வழிகள் போதுமா என்பதைக் குறைந்த செலவில் ஒப்பிட்டுப் பார்க்க உருவகப்படுத்தல் உதவுகிறது.