ஒரே பச்சை, வேறு வேறு ஒளி

ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா, ஒளியை நூற்றுக்கணக்கான குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு முழு நிறமாலையைப் பதிகிறது. விமானத்தில் பறந்த நாசாவின் அவிரிஸ் கருவி, 400 முதல் 2500 நானோமீட்டர் வரை 224 பட்டைகளில் இப்படிப் படமெடுத்தது.

கண் ஏமாறும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும். உயிருள்ள இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. 700 நானோமீட்டரைத் தாண்டி அகச்சிவப்புக்குள் போனதும் அதே இலை ஒளியை வாரித் திருப்பி அனுப்புகிறது. வரைபடத்தில் கோடு சட்டென்று மேலேறும். சாதாரணப் பச்சைச் சாயம் பூசிய துணியில் அந்த ஏற்றம் அப்படியே வருவதில்லை. மரங்களுக்கிடையே துணி போர்த்தி நிறுத்திய லாரி அகப்படுவது இதனால்தான்.

தேடும் பொருளின் நிறமாலை முன்பே தெரிந்திருந்தால், ஒவ்வொரு பிக்சலையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டினால், அதன் பரப்பு 900 சதுர மீட்டர். 20 சதுர மீட்டர் லாரி அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான்; மற்றதெல்லாம் இலையும் மண்ணும். அதனால் சுற்றுப்புறத்தின் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் முதலில் கணக்கிட்டு, அவற்றை அடக்கிவிட்டு, மிஞ்சும் மெல்லிய அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

அடுத்த சிக்கல், தரவின் அளவு. ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சல் கொண்ட படத்தில் 200 பட்டைகள் என்றால் 20 கோடி எண்கள். ஆனால் அருகருகே உள்ள பட்டைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அத்தனையையும் அளக்கத் தேவையில்லை. குறைந்த அளவீடுகளிலிருந்தே இத்தகைய தரவை மீட்க முடியும் என்பதை 2006-இல் வெளியான டோனோஹோ, காண்டெஸ், ரோம்பெர்க், டாவ் ஆகியோரின் கட்டுரைகள் கணிதமாக நிறுவின. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரேடியின் குழு உருவாக்கிய காஸி கேமரா அந்த வழியில் வந்தது. துளைகளிட்ட தகடு காட்சியை அங்கங்கே மறைக்கிறது; ஒளியைப் பிரிக்கும் உறுப்பு ஒவ்வொரு நிறத்தையும் சற்று நகர்த்துகிறது; எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒரே படமாகப் பதிகிறது. நிறங்களைத் திரும்பப் பிரித்தெடுப்பது கணினியின் வேலை.

அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். தேடுவது லாரியை மட்டும்தான் என்றால் முழுப் படத்தையும் மீட்பது வீண் உழைப்பு. ஒவ்வொரு பிக்சலின் நிறமாலையையும் தனித்தனியாகச் சில அளவீடுகளாகச் சுருக்கும் கேமராக்களில் இதற்கு நேர்வழி உண்டு: கேமரா சுருக்கிய அதே முறையில் லாரியின் நிறமாலையையும் சுருக்கி, சுருக்கத்தைச் சுருக்கத்தோடு ஒப்பிடலாம். தகுந்த முறையில் சுருக்கினால், இரு நிறமாலைகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ அப்படியே நிலைக்கும் என்பதே இதற்கு ஆதாரம். அளவீடுகளை மிகவும் குறைத்தாலோ இரைச்சல் கூடினாலோ அந்தத் தொலைவு மங்கும். பிக்சலில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள லாரிதான் முதலில் தப்பும். எவ்வளவு சுருக்கலாம் என்பதை, கண்டுபிடிக்க வேண்டிய மிகச் சிறிய பொருளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.