எக்ஸ்ரேயில் தெரியும் தற்காலிகப் பல்

நிரந்தரப் பல்லுறை தயாராகும் வரையில், செதுக்கிய பல்லின்மீது வைத்தியர் பொருத்துகின்ற அக்ரிலிக் உறையானது, கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் லேசான மூலகங்களால் ஆனதாகையால், அது உடைந்து அதன் துணுக்கு தவறிச் சுவாசக் குழலில் இறங்கிவிட்டால், எக்ஸ்ரே படத்தில் அநேகமாகப் புலப்படுவதேயில்லை. அணு எண் 56 உடைய பேரியத்தின் சல்பேட்டைக் கலந்தால் புலப்படும். ஆனால் அத்தூள் அக்ரிலிக் பிசினோடு ஒட்டாமல் தனித்தே நிற்பதால், அளவு மிஞ்சும்போது உறையின் பலம் க்ஷீணித்துவிடுகிறது. காட்சிக்காக உறுதியை விற்பது நல்ல வியாபாரமன்று. ஆகவே, பேரியம் கலந்த கண்ணாடியையோ ஸிர்கோனியாவையோ நுண்பொடியாக்கி, ஸிலேன் என்னும் ரசாயனப் பூச்சினால் அப்பொடியைப் பிசினோடு பிணைத்து, இரண்டு குணங்களையும் ஒருங்கே சாதிக்க முயல்கிறார்கள். எவ்வளவு தெரியவேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பீடு: எக்ஸ்ரேயில் தெரியுமென்று சொல்லி விற்கப்படும் பல்லடைப்புப் பிசின், சர்வதேசத் தரத்தின்படி, அதே தடிமனுள்ள அலுமினியத்துக்குக் குறையாமல் கதிரைத் தடுக்கவேண்டும்.