சுவிட்சை மாற்றினால் போதாது

கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி பக்கமிருந்து விடியும் முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குக் கிளம்பும் பழைய ஜீப்புகளில் ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஹெட்லைட் போட்ட கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் கைவைக்க முடியாமல் சுடுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. வெளிச்சம் மங்குகிறது. வண்டிக்காரர் புதுச் சுவிட்ச் மாட்டுகிறார். சில மாதத்தில் அதுவும் உருகுகிறது. மறுபடியும் சுவிட்ச்தான் வாங்குகிறார்.

கோளாறின் வேர் சுவிட்சில் இல்லை, அதன் மேல் ஏற்றிய சுமையில் இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் துணைச் சுவிட்ச், கிடையாது. விளக்குக்குப் போகும் முழு மின்சாரமும் சுவிட்ச் வழியாகவே போகிறது. 60/55 வாட்ஸ் பல்பு இரண்டும் ஹை பீமில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். மலைக்கு வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட்ஸ் போட்டால் அது 17 ஆம்பியரை நெருங்கும். தேய்ந்த சுவிட்ச் முனையில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியருக்கு 10 வாட்ஸ் சூடு பிறக்கும். 17 ஆம்பியருக்கு ஏறக்குறைய 29 வாட்ஸ். டேஷ்போர்டுக்குள் சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்ததற்கு இது சமம். தீப்பிடிக்காவிட்டாலும், போடிமெட்டு வளைவில் மூடுபனிக்குள் விளக்கு அணைந்தால் வண்டி நிறைய இருப்பவர்களின் கதி என்ன?

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சுவிட்சின் கப்ளரைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் கப்ளரை மாற்ற வேண்டும். கறுத்த ஒயரை, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, லக் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல. பிறகு பேட்டரியை இணைத்து, விளக்கை எரியவிட்டு, சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்ச் உள்ளே கெட்டிருக்கிறது. விளக்கின் எர்த் முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு 30 ஆம்பியர் ரிலே. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ். அதிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து பல்புக்கு, சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. அதன்பின் சுவிட்ச் வழியாகக் கால் ஆம்பியர்கூடப் போகாது.

ரிலே போட்ட தைரியத்தில் 100/90 பல்பு போடாதீர்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்து அவரைப் பள்ளத்தில் தள்ளும் வெளிச்சம் அது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)ன்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் பில் வாங்குங்கள். வண்டி எண், தேதி, மாற்றிய பொருட்கள், கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். உருகிய பழைய சுவிட்சைக் கேட்டு வாங்கி வையுங்கள். எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து முடிக்கும் சோதனையால் யாருக்கு என்ன பயன்? பத்து நிமிடம் எரியவிட்டுச் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கும்படி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் 112ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறை அறிக்கை, காவல் நிலைய மனு ரசீது இரண்டையும் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஒயரைக் கலைக்காதீர்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் தீச்சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றியிருந்தால் முழு பாலிசியும் கைவிடக்கூடும். பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னை தேனாம்பேட்டையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பட்டறை வேலையில் குறையென்றால் 1915க்கு அழையுங்கள், அல்லது இரண்டு ஆண்டுக்குள் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் போனால் அங்கே உங்கள் வாய்ச்சொல் நிற்காது.

மறுபடியும் சொல்கிறேன்: பெரிய ஃபியூஸ் வேண்டாம், கம்பி வேண்டாம். இன்று மாலையே விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டுச் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அதைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் ஆளேற்றி மலையேறாதீர்கள்.