கம்பி யார் கையில்?

திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் மளிகைக்காரரைப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். காய் விலை கட்டுப்படியாகவில்லையா, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. கேபிள்காரரைப் பிடிக்காவிட்டால்? மாடியில் டிஷ் மாட்ட வேண்டும், இல்லையேல் முணுமுணுத்துக்கொண்டே மாதப் பணத்தைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான தெருக்களில் நிலைமை இதுதான்: தெருவுக்கு ஒரு கம்பி.

அந்தக் கேபிள்காரருக்கும் மேலே ஒருவர் உண்டு. சேனல்களைத் திரட்டிச் சிக்னலாக அனுப்பும் எம்.எஸ்.ஓ. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன், மக்கள் வாயில் எஸ்.சி.வி. சேனலும் அவர்களுடையது, அதைச் சுமந்து வரும் கம்பியும் அவர்களுடையது. போட்டிச் சேனல் தொடங்குகிறவர் போட்டியாளரிடமே போய் இடம் கேட்க வேண்டிய விசித்திரம்.

இதை உடைக்க 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு, கேபிள் கட்டமைப்பைக் கையகப்படுத்தும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. மறு ஆண்டு, அதற்குள் முதல்வராகியிருந்த கருணாநிதிக்கும் சன் குழுமத்தை நடத்திய அவருடைய உறவினர்களான மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்றுகூடியது, நிறுவனம் படுத்துவிட்டது. சந்தையை ஒழுங்குபடுத்த வந்த நிறுவனத்தின் ஆயுளைக் குடும்பச் சண்டை தீர்மானித்தது என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

2011 செப்டம்பர் 2ஆம் தேதி ஜெயலலிதா அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். மாதம் 70 ரூபாய். அதில் 20 நிறுவனத்துக்கு, 50 ஆபரேட்டருக்கு. விலை மலிவுதான், ஆனால் தொடக்கத்தில் சன் டிவி வரவில்லை. சீரியல் இல்லாத கேபிளை எந்த வீட்டில் ஏற்பார்கள்? மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் பரிந்துரைத்தது. அரசு நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமமும் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக.

டிராய் பிடித்த வழி வேறு. பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் என்று 2017இல் கட்டண ஆணை போட்டது. அதை எதிர்த்து சேனல் நிறுவனமான ஸ்டார் இந்தியா சென்னை உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போய், 2018 அக்டோபர் 30 அன்று தோற்றது. 2019 பிப்ரவரியில் ஆணை வீட்டுக்கு வந்தது. 100 சேனல் வரை இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130, ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. இதில் கட்டணச் சேனல் ஒன்றின் விலைகூட இன்னும் சேரவில்லை! தொகுப்பில் சேரும் சேனலுக்கு உச்ச விலை 19 என்றார்கள். சன் டிவி சரியாக 19இல் போய் நின்றது. 70 ரூபாய்க்குப் பழகியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

விலைக்குத்தான் கடிவாளம் போட்டார்கள், கம்பிக்கு அல்ல. அந்தக் கடிவாளமும் நிற்கவில்லை: 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பை டிராயே எடுத்துவிட்டது. அடுத்த முறை வசூலுக்கு ஆள் வரும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். இணைப்புக் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.