திரும்பி வரும் ஊதியக் காசோலை

மும்பையின் தாராவியில் தோல் பொருள், ஆயத்த ஆடை முதலியவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. தமிழகத்தினின்று சென்றோர் பலரும் இவற்றில் பணிபுரிகின்றனர். இத்தகைய கூடங்களில் உரிமையாளர் அளிக்கும் ஊதியக் காசோலை, கணக்கில் பணமின்றித் திரும்பினால் தொழிலாளி செய்யத்தக்கது யாது?

திரும்பிய காசோலை ஊதியம் ஆகாது. பாக்கி அப்படியே நிற்கும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, மாத ஊதியம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வழங்கப்படல் வேண்டும். தவறினால், தொழிலாளியோ அவரது சங்கமோ 3 ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அவர் நிலுவையோடு இழப்பீடும் வழங்க உத்தரவிடலாம்.

மற்றொரு வழி, 1989 ஏப்ரல் முதல் செயற்படும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதனைப் பெற்ற 15 நாள்களில் அவர் பணம் தராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் குற்றவியல் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

தவணை கூறும் உரிமையாளரை நம்பியிருப்பின் இக்கெடு கழிந்துவிடக்கூடும். புதிய காசோலை தருவதாகக் கூறிப் பழையதைத் திரும்பக் கேட்பதும் உண்டு. நியமன ஆணை இல்லாத தொழிலாளிக்கு, அக்காசோலையும் வங்கியின் குறிப்புமே கையிலுள்ள எழுத்துச் சான்றுகள். பணம் கைக்கு வரும்வரை அவற்றை விட்டுக்கொடுத்தல் கூடாது.