விளக்கு எரிந்தது; விசிறி சுழலவில்லை

மோட்டார்க் கார் வைத்திருப்போர் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவர். ரயரைப் பற்றிக் கவலைப்படுவர். பெற்றோல் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் ரேடியேற்றருக்குப் பின்னால் அடக்கமாக அமர்ந்திருக்கும் சிறிய மின்விசிறியை, அது நின்றுபோகும் நாள்வரை எவரும் நினைப்பதில்லை. நாமும் நினைத்தவரல்லர்.

ஓர் ஆவணி மாத மாலை. நெஞ்சுநோயினால் வருந்திய பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியான் திருவிழா. வீதியெங்கும் அடியார் கூட்டம். கார் ஆமைபோல் ஊர்ந்தது. கால் மணி நேரத்துள் வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் கீழிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றோம். அவ்வழியே வந்த வான்காரர் ஒருவர் இரங்கிப் பெரியம்மாவை ஏற்றிச் சென்றதனால் அன்று ஓர் உயிர் பிழைத்தது. ஒரு மின்விசிறி சுழலாமையால் எவ்வளவு பெரிய கேடு நேரக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இவ்விசிறியின் வேலை யாது? கார் விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிரச் செய்துவிடும். நின்றாலோ ஊர்ந்தாலோ காற்றில்லை. அப்போதுதான் விசிறி வேண்டும். ஆகவே திறந்த வீதியில் ஒழுங்காக ஓடும் கார், சந்தையிலும் சந்தியிலும் மட்டும் கொதிக்குமாயின், முதலிற் சந்தேகிக்கவேண்டியது விசிறியையே.

யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு இத்தொல்லை இருந்ததில்லை. அவற்றின் விசிறியை எஞ்சினே ஒரு வார்ப்பட்டியினாற் சுழற்றியது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அக்கார்கள் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டும் ஓடின. அப்போதும் விசிறிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. பின்னர், முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள் பெருகின. அவற்றில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. ரேடியேற்றரோ முன்னே நின்றது. வார்ப்பட்டி அங்கு எட்டாமையால் மின்மோட்டார் புகுந்தது. 1969இல் வெளிவந்த ஃபியற் 128 இம்முறையைக் கைக்கொண்ட கார்களுள் ஒன்று. இன்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

மறுநாள் காரை ஒரு கராச்சுக்கு இழுத்துச் சென்றோம். பார்த்தவர், “மோட்டார் முடிஞ்சுது” என்றார். கணிசமான பணம் கொடுத்து வேறு மோட்டார் பூட்டினோம். விசிறி சுழன்றது, மனமும் குளிர்ந்தது. பதினைந்து நாட்களில் மீண்டும் அதே கதை!

இம்முறை நாமே ஆராயத் துணிந்தோம். கல்லூரியில் மின்னியல் கற்பிப்பவர் அல்லவா! மோட்டாருக்கு வரும் செருகியைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு சிறு விளக்கைத் தொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யையும் போட்டோம். (பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓடும்போது இவ்விசிறியும் ஓடவேண்டும்.) விளக்கு நன்றாக எரிந்தது. ‘மின்சாரம் வருகிறது, ஆகவே புதிய மோட்டாரும் பழுது’ என்று முடிவு கட்டி, அதனை விற்றவரைத் தேடிச் செல்ல ஆயத்தமானோம்.

நல்ல வேளையாக அயல்வீட்டு அண்ணை எதிர்ப்பட்டார். எமது ஊர் கப்பலோட்டிகளின் ஊர். வல்வைத் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், வல்வை மாலுமிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது வரலாறு. அந்த மரபில் வந்த இவர், கப்பல்களில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். எமது தீர்ப்பைக் கேட்டுச் சிரித்தார்.

“மாஸ்டர், விளக்கு எரிஞ்சது சரி. அது எவ்வளவு கரண்ட் குடிக்கும், விசிறி எவ்வளவு குடிக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?”

நாம் வாயடைத்து நின்றோம். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் ஓமின் விதி, சொந்தக் காரின் முன்னே மறந்துபோயிற்று.

அண்ணை ஏ.சி.யை ஓடவிட்டபடியே, செருகியை மீண்டும் மோட்டாரில் பொருத்தினார். விசிறி அசையவில்லை. கைகளை விசிறிக்குத் தூரமாக வைத்துக்கொண்டு, தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும், மறுமுனையை மோட்டாரின் எர்த் வயரிலும் தொடுத்தார். அக்கணமே விசிறி இரைந்து சுழன்றது! வயரை எடுத்தார், நின்றது. மோட்டார் குற்றமற்றது. வரும் மின்சாரத்திலும் குறையில்லை. அது திரும்பிச் செல்லும் பாதையிலேதான் தடை.

அந்த எர்த் வயரைத் தொடர்ந்து சென்றோம். முன்விளக்கின் பின்புறம், காரின் உடலோடு ஒரு சுரையாணியால் அது முடுக்கப்பட்டிருந்தது. ஆணியைக் கழற்றினால், கீழே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பும் துருவும்! கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் கார். வாடைக்காற்று அள்ளிவரும் உப்பு, கேட்பாரின்றி அங்கே குடியேறிவிட்டது. கராச்சில் மோட்டாரை மாற்றியபோது வயர்கள் அசைந்தமையால் சில நாள் தொடுப்பு ஏற்பட்டிருந்தது, அவ்வளவே.

விளக்கு ஏன் எம்மை ஏமாற்றியது? மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். துருவின் தடை 3 ஓம் என்று கொள்வோம். 5 உவாற்று விளக்கின் தடை ஏறத்தாழ 29 ஓம். பற்றரியின் 12 வோல்ற்றில் விளக்குக்கு ஏறத்தாழ 11 வோல்ற் கிடைத்துவிடும். அது பிரகாசமாகவே எரியும். ஆனால் சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டாரின் தடை 1 ஓம் அளவென்றால், மொத்தத் தடை 4 ஓம். ஓடும் மின்னோட்டம் 3 அம்பியர் மட்டுமே. 9 வோல்ற்றைத் துரு விழுங்கிவிட, மோட்டாருக்கு எஞ்சுவது 3 வோல்ற். அது எப்படிச் சுழலும்? சிறு சுமையைத் தாங்கும் பாலம் பெருஞ்சுமையையும் தாங்கும் என்று எண்ணியதே எமது தவறு.

எரித்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, ஆணியை இறுக முடுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். செலவு ஒரு தேநீரின் விலையளவு. முன்னர் மோட்டாருக்குக் கொடுத்த பணமோ போனது போனதுதான்.

இத்தொல்லை நேருவோர் இவ்வொழுங்கில் ஆராய்க. முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றரில் நீர் உண்டா என்று பார்க்கவேண்டும். அடுத்து உருகி (பியூஸ்). அது எரிந்திருப்பின் அதே அளவினதையே இடவேண்டும். பெரிய உருகியை இட்டால் வயர் எரிந்து காருக்கே தீ மூளும். மூன்றாவது றிலே. அதே இனத்து றிலே ஹோர்னுக்கும் இருக்குமாயின், இரண்டையும் மாற்றிப் போட்டால் உண்மை விளங்கும். நான்காவது வெப்பச் சுவிச். சில கார்களில் அது சூடேறினால் இணையும். வேறு சிலவற்றில் சூடேறினால் பிரியும். எனவே காரின் கைந்நூலைப் பாராமல் அதில் கைவைக்கலாகாது. ஐந்தாவது, மோட்டாருக்குப் பற்றரியிலிருந்து உருகி பொருத்திய வயரினால் நேரே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது. அது சுழன்றால் மோட்டாரை மாற்றவேண்டியதில்லை. இறுதியாக எர்த் இணைப்பு; கடலோரத்தவர் இதனை முதலிலேயே பார்த்துவிடுவது நன்று.

எச்சரிக்கை இரண்டு. சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். உள்ளே அமுக்கத்தினால் 100 பாகைக்கு மேலும் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்ததும் சீறிப் பாய்ந்து முகத்தை வேகச் செய்துவிடும். மற்றது, எஞ்சின் நின்ற பின்னரும் விசிறி தானாகச் சுழலக்கூடும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றாமல் விரலை அருகே கொண்டுசெல்ல வேண்டாம். வெப்ப முள் ஏறக் கண்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் ஒரு மைல்தானே’ என்று ஓட்டுவோர் எஞ்சினையே இழப்பர்.

நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்று வைத்தியருக்குச் சொல்லப்பட்ட நெறி, யந்திரத்துக்கும் பொருந்தும். அறிகுறியைக் கண்டவுடன் உறுப்பை மாற்றுவது வைத்தியமாகாது.

பெரியம்மா இன்று நலமாக இருக்கிறார். இப்போது மாதம் ஒருமுறை அந்தச் சுரையாணியைத் திறந்து பார்ப்பது எமது வழக்கம். அதைக் காணும் போதெல்லாம் அவர், “என்னடா தம்பி, இன்னும் அந்த ஆணியோ?” என்று கேட்பார். “உங்களுக்காகத்தான் பெரியம்மா” என்போம். அது வேடிக்கைப் பேச்சன்று.