கம்பைலரை எந்த மொழியில் எழுதுவது?

சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற பெரம்பலூரிலே மண்டிக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க விரும்பும் ஒருவர், ‘எடை = 50’, ‘விலை = 32.5’, ‘தொகை = எடை * விலை’ என்று மூன்று வரிகள் எழுதுவதாகக் கொள்வோம். எடை முழு எண், விலை தசம எண் என்று அவர் எங்கும் அறிவிக்கவில்லை. அவ்வாறு அறிவிக்கும்படி நிர்ப்பந்திக்காமல், மதிப்பின் வகையை நிரல் ஓடும்பொழுதே சோதிக்கும் நிரல்மொழிகள் இயங்குநிலை மொழிகள் எனப்படும். இவற்றைச் சாதாரண முறையில் இயக்கும்பொழுது, பெருக்கல் வரும் ஒவ்வொரு முறையும் ‘இது எண்ணா, எழுத்தா?’ என்று சோதித்தே மேலே செல்ல வேண்டியிருப்பதால், லட்சம் மூட்டைக்கு லட்சம் சோதனை நேரும். 50 முழு எண், 32.5 தசம எண், ஆகவே தொகையும் தசம எண்ணே என்று, நிரலை யந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் முன்கூட்டியே தீர்மானித்து, அச்சோதனைகளை நீக்கி, நேரடியான பெருக்கல் கட்டளையை உண்டாக்குமானால், அந்த முன்தீர்மானத்துக்கு வகை அனுமானம் என்று பெயர்.

இத்தகைய கம்பைலரை எழுத எந்த மொழி உகந்தது? வேகமான நிரல் வேண்டுமாயின் கம்பைலரையும் வேகமான மொழியில்தான் எழுத வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. பிறக்கும் நிரலின் வேகம் அனுமானத்தின் நுட்பத்தைப் பொறுத்ததே அன்றி, அனுமானிக்கும் கருவி எழுதப்பட்ட மொழியைப் பொறுத்ததன்று. ஆதலால் அனுமான விதிகளைப் பிழையின்றி எழுத இடந்தருவதே முதன்மையான யோக்கியதை. கணினி விஞ்ஞானி ராபின் மில்னர் 1978-இல் வகை அனுமானத்துக்குச் சாஸ்திரீயமான அடிப்படை வகுத்துக் கட்டுரை வெளியிட்டது எம்.எல். மொழியை ஒட்டியே. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஓகேமலில், நிரலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு விதி எழுதி வருகையில் ஏதேனும் ஒன்று விடுபட்டால் கம்பைலரே எச்சரித்துவிடும். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலரும் ஓகேமலிலேயே பிறந்தது.

நம் நாட்டவரான வைரல் ஷா உள்ளிட்ட நால்வர் 2012-இல் உலகுக்கு அறிவித்த ஜூலியா என்னும் நிரல்மொழி, கம்பைலரின் பகுதிகள் யாவற்றையும் ஒரே மொழியில் எழுத வேண்டியதில்லை என்பதற்கு உத்தமமான திருஷ்டாந்தம். அதன் அடித்தளம் சி மொழியில். இலக்கணப் பகுப்பு, தொடக்கத்தில், லிஸ்ப் மொழியின் ஒரு கிளையில். யந்திரக் கட்டளைகளை ஆக்கும் பகுதி, எல்.எல்.வி.எம். என்னும் கருவித் தொகுப்பின் துணையோடு, சி++ மொழியில். வகை அனுமானமோ ஜூலியாவிலேயே எழுதப்பட்டது.

மொழித் தேர்வு நோக்கத்தையும் பொறுத்தது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ பைத்தானில் எழுதப்பட்டது. மாணவர் தாய்மொழியில் நிரலாக்கம் பயில வேண்டும் என்பதே அதன் நோக்கமாதலால், வேகத்தினும் எளிமையை மேலாகக் கொண்டது பொருத்தமே.

பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளில் பயிலும் இளைஞர் எவரேனும், மண்டிக் கணக்கையும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் எடைக் கணக்கையும் தமிழிலேயே எழுதி, அது விரைந்தும் ஓட வேண்டும் என்று விரும்பினால், அனுமானத்தை ஓகேமலிலோ தமக்கு நன்கு பழகிய மொழியிலோ எழுதி, விளைவை எல்.எல்.வி.எம். படிக்கும் உரைவடிவில் தந்துவிட்டால், யந்திரக் கட்டளை ஆக்கும் பெருஞ்சுமையை அதனிடமே விட்டுவிடலாம். அதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியும் ஊன்றிய உழைப்பும் போதும்.